தேன்கூட்டுக்குக் கீழே வண்ணப் புகை

கலர் புகைக்குச்சி கொளுத்தாமல் கல்யாணப் படம் எடுக்கத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதாவது, உங்களில் முக்கால்வாசிப் பேருக்காக.

நான் போத்தனூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவள். தலை நரைத்து முட்டி தேயும்வரை கோயம்புத்தூரிலும் சுற்றுப்பட்டிலும் கல்யாணம் கல்யாணமாக அலைந்தேன். "பொம்பளை என்னத்தப் போட்டோ எடுத்துப்போடுவா" என்று கேட்ட வீடுகள் உண்டு. அதே வீடுகள் அடுத்த தலைமுறைக் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டன. இப்போது கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பொழுது போகாதபோது உங்கள் படங்களைப் பார்க்கிறேன். பார்த்தபிறகும் பொழுது போவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

எல்லாப் பெண்களும் ஒரே பக்கமாகக் கழுத்தைச் சாய்க்கிறார்கள். எல்லா மாப்பிள்ளைகளும் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு தரையைப் பார்க்கிறார்கள், அங்கே எதையோ தொலைத்தவர்களைப் போல. உச்சி வெயிலில் ஜோடியைத் தென்னந்தோப்புக்குள் நிறுத்துகிறீர்கள். ஓலை நிழல் வரி வரியாக முகத்தில் விழுந்து பெண் வரிக்குதிரையாக நிற்கிறாள். கேட்டால் நேச்சுரல் லைட் என்கிறீர்கள். புல்லில் பட்டு எழும் பச்சை வெளிச்சம் தாடையில் ஏறி, பட்டுச்சேலைக்காரி காமாலைக்காரி ஆகிவிடுகிறாள். பிறகு ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீர்கள். நான்கு எட்டுத் தள்ளி, தோட்டத்து வீடான சாளையின் சுவரோரம், வானம் தெரியும் திறந்த நிழலில் நிறுத்தியிருந்தால் இத்தனை வேலையும் இல்லை. ஆனால் சுவரோரம் நின்றால் அது கான்செப்ட் ஆகாதே.

போகட்டும். வெளிச்சம் தப்பினால் படம்தான் கெடும். வேறு ஒன்று தப்பினால் என்ன கெடும் என்பதற்கு, நான் கூடவே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கடையை மூடிய பிறகு நடந்தது இது. பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் போன் செய்தார். அவர் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவள் நான். இப்போது அவர் மகளுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு முன்பே வெளியே வைத்துப் படம் எடுக்கிறார்களாம். "சின்னப் பசங்க என்னென்னமோ சொல்றாங்க்கா. நீங்க ஒருக்கா வந்து கூட நின்னீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்குமுங்" என்றார். போனேன்.

ஆனைமலைச் சாலையில் உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு. மாப்பிள்ளையின் தாய்மாமனுடையது. பெண் பெயர் தாரணி, கால்நடை மருத்துவர். மாட்டுக்கு ஊசி போடுகிற கை என்பது அவள் டம்ளரைப் பிடிப்பதிலேயே தெரிந்தது. மாப்பிள்ளை மகேந்திரன், கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். நல்ல உயரம். பேச்சு மட்டும் அளந்து அளந்து வரும். இரண்டு அம்மாக்களும் தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

படம் எடுக்க வந்தவனை எல்லாரும் 'டைரக்டர்' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், பெயர் சொல்லும் அளவுக்கு மரியாதை இல்லை. ஒரு வேன் நிறையச் சாமான், பறந்து படமெடுக்கும் ட்ரோன் ஒன்று, கையாட்கள் இரண்டு பேர், காதில் மைக். என்னைப் பார்த்ததும் "வாங்க ஆன்ட்டி, ஷேடுல உக்காருங்க" என்றான். எந்த ஷேடு நல்ல ஷேடு என்று அவனுக்கே தெரியாது என்பது காலையிலேயே விளங்கிவிட்டது.

அவன் மாப்பிள்ளையை வதைத்த வதை இருக்கிறதே!

"இடுப்புல கை போடுங்க ப்ரோ. இன்னும் கிட்ட. கண்ணப் பாருங்க. கண்ண! நீங்க காதப் பாக்கறீங்க ப்ரோ."

மகேந்திரனின் கை தாரணியின் இடுப்புக்கு நான்கு விரல் தள்ளிக் காற்றில் நின்றது. முகம் கல்லாகிவிட்டது. முதல் முறை வெட்கம், அடுத்த முறை பயம், அதற்கடுத்த முறை அவமானம். மனிதனின் உடம்பு அவமானப்பட்டால் தோள் காதுக்கு ஏறிவிடும். அதன்பிறகு எந்த போஸ் வைத்தும் பிரயோசனமில்லை. இளநீர் கொடுத்து உட்காரவைத்து அவர் பட்டறையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தால் தோள் தானாக இறங்கியிருக்கும். டைரக்டர் அதற்குப் பதிலாக மைக்கில் தன் ஆட்களிடம், "மரக்கட்டைக்குப் பட்டு வேட்டி கட்டி உட்டாப்புல இருக்குதுடா" என்று சொல்லிச் சிரித்தான். மகேந்திரனுக்குக் கேட்டது. தாரணிக்கும் கேட்டது.

சேலை மாற்றும் நேரத்தில் தாரணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, ஒன்னு கேக்கட்டுங்ளா?"

"கேளு கண்ணு."

"ஒரு ஆம்பள இப்படி மூஞ்சியவே பாக்காம இருந்தா, புடிக்கலீன்னுதானுங்களே அர்த்தம்? போன்லயும் 'சாப்ட்டீங்ளா'வுக்கு மேல ஒரு வார்த்த வராதுங். ஊட்டுல சொன்னாங்கன்னு ஒத்துக்கிட்டாரோ என்னமோ. இன்னைக்குச் சாயங்காலம் அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடலாம்னு இருக்கறனுங்."

அவள் அழவில்லை. நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட்ட மருத்துவர் மாதிரிதான் சொன்னாள். நான், "கேமராவுக்கு முன்னால ஒருத்தன் நிக்கறத வெச்சு முடிவு பண்ணாத அம்மணி. அவருகிட்டயே கேட்டுப்போடு" என்றேன்.

"கேட்டாப் பதில் வரோணுமில்லீங்" என்று எழுந்து போனாள்.

அடுத்ததாக டைரக்டர் தோட்டத்து எல்லையில் இருந்த பெரிய புளியமரத்தைத் தேர்ந்தெடுத்தான். இலைக்கு நடுவே வெயில் கதிர் கதிராக இறங்க வேண்டுமாம், அதற்குப் புகை வேண்டுமாம். கதிர் தெரிய காற்றில் ஏதாவது மிதக்க வேண்டும் என்பது சரிதான். நான் எந்த இடத்தில் போய் நின்றாலும் முதலில் தலைக்கு மேலே பார்ப்பேன். அப்புறம் காலுக்குக் கீழே. முகம் கடைசியில்தான். அப்படி அண்ணாந்து பார்த்தபோது, கிளை கவையாகப் பிரியும் இடத்தில் முறம் அகலத்துக்குக் கருப்பாக மலைத்தேன் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. 'கருப்பு' என்று நான் நினைத்தது அவ்வளவும் பூச்சி.

"தம்பி, மேல கூடு இருக்குது. புகையும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். கதிர்தான் வேணும்னா அக்கட்ட தென்ன மரத்தடியில தண்ணியத் தூவிக் காட்டறேன், அழகா வரும்."

"புகை போட்டா பூச்சி போயிருமுங் ஆன்ட்டி. தேனெடுக்கறவங்களே புகைதான போடறாங்க?"

"அவங்க கூட்டத் தெரிஞ்சு போடறாங்க. தலைக்கு மேல காத்தாடியச் சுத்த உட்டுக்கிட்டா போடறாங்க?"

"நெகட்டிவா பேசாதீங்க ஆன்ட்டி" என்று சிரித்தான்.

நான் விடவில்லை. தாரணியையும் மகேந்திரனையும் கூப்பிட்டுக் கூட்டைக் காட்டினேன். தாரணிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "இதுங்ககிட்ட வெளையாட முடியாதுங்" என்றாள். கடைசியில் டைரக்டர், ஜோடி மரத்தை விட்டுத் தள்ளி வாய்க்கால் மேட்டில் நிற்கட்டும், மரம் பின்னால் தூரத்தில் தெரிந்தால் போதும், புகையும் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டான். நான் நம்பி, என் ரிஃப்ளெக்டரை எடுத்துவரக் காருக்குப் போனேன். வெயிலை வாங்கி முகத்துக்குத் திருப்பிவிடுகிற வட்டத் தட்டு. ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் வெள்ளை.

திரும்பி வரும்போது அவன் குரல் கேட்டது.

"ஒரு ஸ்டெப் பின்னால மேடம். சூப்பர். இன்னும் ஒரு ஸ்டெப். ப்ரோ, நீங்களும். சின்னதா ஒரு ஸ்டெப். அவ்வளவுதான், இன்னும் ஒன்னே ஒன்னு."

இதைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். படித்த பெண், கூட்டைக் கண்ணால் பார்த்தவள், இதுகளோடு விளையாட முடியாது என்று தன் வாயால் சொன்னவள். ஆனாலும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொரு அடியாக மரத்தடிக்கே போய்விட்டாள். கேமரா முன்னால் நிற்கிறவர்கள் தங்கள் புத்தியைக் கழற்றி நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறார்கள். கிணற்றுக்குள் இறங்கச் சொன்னாலும், "இந்தப் படிங்களா, அந்தப் படிங்களா" என்றுதான் கேட்பார்கள். அந்தப் புத்தியைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருவதுதான் நம் தொழில். மீதியெல்லாம் பொத்தானை அமுக்குவது.

நான் "வேண்டாம்!" என்று கத்துவதற்குள் கையாள் ஒருவன் ரோஸ் நிறப் புகையைக் கொளுத்திவிட்டான். ட்ரோன் கவைக்கு நேராக ஏறியது. ஒரு கணம் படம் நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. பிறகு மரமே உறுமியது.

பூச்சிகள் முதலில் ட்ரோனை மொய்த்தன. பிறகு கயிறு அவிழ்த்துவிட்டாற்போல் கீழே இறங்கின. முதலில் ஓடியது டைரக்டர். ரிமோட்டைப் புல்லில் எறிந்துவிட்டு வேனுக்குள் பாய்ந்தான், கையாட்களும் பின்னாலேயே. கதவு சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது.

"கைய ஆட்டாதீங்க! ஓடுங்க!" என்று தாரணி கத்தினாள். ஆனால் அவளால் ஓட முடியவில்லை. அவள் கட்டியிருந்தது கனமான பட்டு, மடிப்பு கலையக் கூடாது என்று டைரக்டரின் ஆட்கள் எங்கு பார்த்தாலும் பின் குத்தியிருந்தார்கள். தலை நிறையப் பூ. இரண்டு எட்டு வைத்தவள் வாய்க்கால் மேட்டில் தடுக்கி விழுந்தாள்.

மகேந்திரன் முதலில் ஓடத்தான் செய்தார். யார்தான் ஓடமாட்டார்கள்? கொஞ்ச தூரம் போனவர் பக்கத்தில் அவள் இல்லை என்று தெரிந்ததும் நின்றார். திரும்பி வந்தார். வந்த வேகத்தில் பட்டு வேட்டியை உருவி அவள் தலையோடு முகத்தையும் சேர்த்துப் போர்த்தினார். டவுசரோடு நின்ற மனிதரின் முகமும் கழுத்தும் பூச்சிகளுக்குத் திறந்து கிடந்தன. "மோட்டார் ரூமுக்குங், மோட்டார் ரூமுக்கு" என்று அவளை அணைத்து இழுத்துக்கொண்டு ஓடினார். அந்தத் தோட்டத்து மோட்டாரைப் பழுதுபார்ப்பது அவர்தான் என்பதால், கதவுக்குப் பூட்டு இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் ரிஃப்ளெக்டரைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். கூடவே வந்த பூச்சிகளை அடித்துத் தீர்த்தோம்.

இருட்டு. ஆயில் வாடை. தாரணிக்குக் கையில் மட்டும் சில கொட்டுகள். அவர் முகத்தைத் தடவிப் பார்த்தவள் "ஐயோ" என்றாள்.

"கொடுக்கு எல்லாம் அப்படியே நிக்குது. ஒவ்வொன்னும் இன்னும் விஷத்த எறக்கிக்கிட்டே இருக்குமுங். சீக்கிரம் எடுக்கோணும். ஆனா ஒன்னும் தெரியலீங்க்கா. வெளிச்சம் வேணும்."

சுவரின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குக் கண்ணாடி இருந்ததால் பூச்சி வரவில்லை, ஒரு கட்டி வெயில் மட்டும் எதிர்ச்சுவரில் விழுந்துகொண்டிருந்தது. நான் ரிஃப்ளெக்டரை அதில் நீட்டினேன். வெள்ளிப் பக்கம் பட்டதும் அவர் கண் கூசி இமையை இறுக்கினார், முகம் முழுக்க வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. உடனே வெள்ளைப் பக்கத்துக்குத் திருப்பி, நேராகக் காட்டாமல் காதோரமிருந்து கன்னத்தைத் தடவிப் போகிறமாதிரி சாய்த்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் சின்ன மேடும் நிழல் தரும். கொடுக்கு ஒவ்வொன்றும் முள் மாதிரி எழுந்து நின்றது.

"அப்படியே புடிச்சுக்கோங்க்கா. அசையாதீங்க."

கிள்ளி எடுக்காமல் சுரண்டி எடுக்கக் கெட்டியாக ஏதாவது கேட்டாள். டைரக்டர் காலையில் எனக்கு நீட்டிய விசிட்டிங் கார்டு என் பையில் இருந்தது. தடித்த, வழவழப்பான, தங்க எழுத்துக் கார்டு. அதனால் விளைந்த ஒரே நன்மை அன்றைக்குத்தான் விளைந்திருக்கும். தாரணி இடது கையால் மகேந்திரனின் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நெற்றி, இமை, கன்னம் என்று சுரண்டி எடுத்தாள்.

"நா மாட்டு டாக்டருதானுங். ஆனா கொடுக்கு எல்லாத் தோல்லயும் ஒன்னுதான், பயப்படாதீங்க."

"பயமில்லீங்" என்றார். பிறகு, "டவுசரோட... மன்னிச்சுக்கோங்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. கை நிற்கவில்லை. சுரண்டியபடியே கேட்டாள்.

"ஏனுங், காத்தாலருந்து என்ற மூஞ்சியப் பாக்கவே இல்லியே, ஏன்?"

அவர் வீங்கிக்கொண்டிருந்த வாயால் மெதுவாகச் சொன்னார்.

"அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்கறப்ப எப்படீங் பாக்கறது?"

தாரணி அடுத்த கொடுக்குக்குப் போனாள்.

என் தொழில் வாழ்க்கையில் நான் போட்ட மிகச் சரியான வெளிச்சம் அது. என் இரண்டு கையும் ரிஃப்ளெக்டரில் இருந்தன, பழக்கத்தில் மாட்டிவந்த கேமரா தோளில் சும்மா தொங்கியது. ரிஃப்ளெக்டரைக் கீழே போட்டுவிட்டு ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று உங்களில் யாருக்காவது இப்போது தோன்றினால், தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.

முகம் முடிந்து கழுத்துக்கு வரும்போது தாரணியின் குரல் மாறியது. "மூச்சு இறுக்கற மாதிரி இருக்குதுங்ளா?" அவர் ஆமாமென்று தலையை ஆட்டினார். உதடு தடித்துவிட்டது. "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயாகோணும். வெசையா" என்றாள். என் கார் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. டைரக்டரின் வேன்தான் கிட்டே. கார்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"வேனக் கொண்டாந்து கதவ ஒட்டி நிறுத்து தம்பி. மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

"பூச்சி இன்னும் சுத்துது ஆன்ட்டி. வேனுக்குள்ள லென்ஸ் எல்லாம் இருக்குது, எடமில்ல. அடங்கட்டும், வாரேன்."

தாரணி என் கையிலிருந்து போனை வாங்கினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க, நா தாரணி பேசறனுங். நீங்க இப்பவே வண்டிய இங்க ஒட்டி நிறுத்தோணுமுங். இல்லாட்டி நா வெளிய வந்து உங்க வேன் கதவத் தொறந்து உட்டுப்போடுவனுங். பூச்சியும் நீங்களும் சேந்து இருந்துக்கோங்க."

வேன் வந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மகேந்திரனின் தலை தாரணியின் மடியில்தான் இருந்தது. இடமில்லை என்று சொன்ன வேனில், லென்ஸ் பெட்டிகளை அவள் காலால் தள்ளி இடம் செய்திருந்தாள்.

ஊசி போட்டபிறகு மூச்சு சீரானது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். இரண்டு அம்மாக்களும் ஓடிவந்தார்கள். மகேந்திரனின் அம்மா அழுது முடித்ததும் டாக்டரைக் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணத்துக்குள்ள வீக்கம் வத்தீருமுங்ளா? போட்டோவுல அசிங்கமாத் தெரியுமே. தேதியத் தள்ளி வெச்சுக்கலாமுங்ளா?"

பார்த்தீர்களா, நீங்களும் உங்கள் படங்களும் ஜனங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று!

தாரணிதான் பதில் சொன்னாள். "போட்டோ கெடக்குதுங் அத்தே. மொதல்ல அவரு நல்லா இருக்கட்டும். தேதி அப்படியே இருக்கட்டுமுங்."

அதுவரை 'அம்மா' என்று கூப்பிட்டவள் 'அத்தே' என்றாள். தன் அம்மாவிடம் சாயங்காலம் சொல்வதாக இருந்ததை அவள் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணப் படத்தை நான்தான் எடுத்தேன். மண்டபத்துக்குப் பின்னால் சமையற்கட்டு வெள்ளைச் சுவரில் காலை வெயில் பட்டுத் திரும்பும் இடம். மாப்பிள்ளைக்கு ஒரு பக்கத்து இமை இன்னும் தடித்திருந்தது. அந்தப் பக்கத்தை நிழலுக்குத் தள்ளிவிடச் சொல்லி சொந்தக்கார ஒறம்பரை முழுக்க எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. நான் அதைத்தான் வெளிச்சத்துக்கும் தாரணிக்கும் திருப்பிவைத்தேன். எல்லாரையும் போய்ச் சாப்பிடச் சொல்லி விரட்டினேன். கடைசி ஆளும் போனபிறகு மகேந்திரன் அவள் முகத்தைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே பார்த்தார். நான் எடுத்தது அது ஒன்றைத்தான்.

டைரக்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ட்ரோன் எடுத்த காட்சிக்குப் பின்னணி இசை போட்டு இணையத்தில் விட்டான், ஊரே பார்த்தது. இப்போது 'வெளிப்புறப் படப்பிடிப்பில் பாதுகாப்பு' என்று வகுப்பு நடத்துகிறான். முடிவில் சான்றிதழும் உண்டு. உங்களில் சிலர் போய் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும், கையைத் தூக்க வேண்டாம். அப்படிப் போய் வந்த ஒரு பெண்ணிடம், அங்கே முதல் பாடமாக என்ன சொல்லிக்கொடுத்தான் என்று கேட்டேன்.

"வேன எப்பவும் வெளிய பாத்தாப்புல திருப்பி நிறுத்தி வெக்கோணும்னு சொன்னாருங்க்கா" என்றாள்.

அது ஒன்றையாவது அவன் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லியிருக்கிறான்.